பாரிக்குப் பின்னும் நிற்கும் கொடை: கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலைகளும் கூத்தும்

முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்த பாரியை நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். மயிலுக்குப் போர்வை தந்த பேகனையும் தெரியும். இந்த இரண்டு பேரிடமும் ஓர் ஒற்றுமை உண்டு. கொடிக்கும் மயிலுக்கும் இரங்கிய அதே மனசுதான் பாணருக்கும் புலவருக்கும் அள்ளிக் கொடுத்தது. செடி, கொடி, பறவையைக் காப்பதும், ஆட்டம் பாட்டத்தை ஆதரிப்பதும் ஒரே வள்ளலின் வேலையாகத்தான் அன்று இருந்திருக்கிறது.

ஆனால் பாரி கதையின் பின்பாதியை நாம் அதிகம் பேசுவதில்லை. மூவேந்தர் சேர்ந்து பாரியை வீழ்த்தினார்கள். பறம்பு மலை கைமாறியது. அவன் மகள்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு கபிலர் ஊர் ஊராக அலைய வேண்டி வந்தது. வள்ளல் போனதும் அவனை நம்பியிருந்த எல்லாமே ஆட்டம் கண்டுவிட்டது.

அப்படியானால் கொடுத்தவர் போன பின்னும் நிற்கிற கொடை எது? இதற்குப் பதில் தேட நூலகம் போக வேண்டாம். திருவான்மியூரில் தொடங்கி மாமல்லபுரம் வரை ஓடும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு நாள் பயணம் போதும். அப்படியே உள்ளே திரும்பிச் செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல் வரை போய் வந்தால் பதில் முழுமையாகும். கலையையும் உயிரினங்களையும் காக்க முயன்றவர்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில், இந்தப் பாதையில் தடம் பதித்திருக்கிறார்கள்.

ஒரு கையில் சதங்கை, மறு கையில் சட்டம்

சாலை தொடங்குகிற திருவான்மியூரிலேயே முதல் நிறுத்தம். கலாக்ஷேத்ரா. ருக்மிணி தேவி அருண்டேல் 1936-ல் அடையாறில் தொடங்கிய கலைப்பள்ளி, 1962-ல் இங்கே குடிவந்தது. சுமார் 100 ஏக்கர் வளாகம். இன்று உள்ளே போனால் மரநிழலில்தான் நடக்க வேண்டும்.

ருக்மிணி தேவி என்றால் பரதநாட்டியம்தான் நமக்கு நினைவுக்கு வரும். அவருடைய இன்னொரு முகம் அவ்வளவாக வெளியே தெரியாது. 1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டதும் அவர் கையில் எடுத்த பெரிய வேலை, விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் சட்டம். தனிநபர் மசோதாவாக அவர் கொண்டுவந்ததை, அரசே சட்டம் கொண்டுவரும் என்ற பிரதமர் நேருவின் உறுதியை ஏற்றுத் திரும்பப் பெற்றார். 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல் விலங்குகள் நல வாரியம் உருவானபோது அதன் முதல் தலைவரும் அவர்தான். 1977-ல் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கும்படி மொரார்ஜி தேசாய் கேட்டபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

1986-ல் அவர் மறைந்தார். அவர் எழுப்பிய இரண்டும் நின்றன. வாயில்லா ஜீவன்களுக்கான சட்டம் இன்றும் நீதிமன்றங்களில் எடுத்தாளப்படுகிறது. கலாக்ஷேத்ராவை தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக 1993-ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு ஏற்றது. தன் அன்பைச் சட்டமாகவும் நிறுவனமாகவும் எழுதி வைத்துவிட்டுப் போனது ருக்மிணி தேவியின் வழி.

இடிக்க இருந்த வீடுகள் நிற்கும் ஊர்

அங்கிருந்து தெற்கே போனால் முட்டுக்காடு. அங்கேதான் தட்சிணசித்ரா. இதைத் தொடங்கியவர் டெபோரா தியாகராஜன். அமெரிக்காவில் பிறந்து, சென்னைக்கு வந்து, இங்கேயே வாழ்க்கையை அமைத்துக்கொண்ட கலை வரலாற்று ஆய்வாளர்.

அந்தக் காலகட்டத்தை நினைத்துப் பாருங்கள். செட்டிநாட்டிலும் திருநெல்வேலி அக்ரகாரங்களிலும் பழைய வீடுகளை இடித்துத் தேக்குத் தூண்களையும் கதவுகளையும் எடைக்குப் போட்டுக்கொண்டிருந்த காலம். வீடு போனால் அந்த வீட்டுத் திண்ணையில் நடந்த கதையும் பாட்டும் சேர்ந்துதான் போகும். இதைத் தடுக்க 1984-ல் சென்னை கைவினை அறக்கட்டளையை அவர் தொடங்கினார். பன்னிரண்டு வருட உழைப்புக்குப் பிறகு, 1996 டிசம்பரில் தட்சிணசித்ரா மக்களுக்குத் திறக்கப்பட்டது. பத்து ஏக்கர் மணல்வெளி. கட்டட வடிவமைப்பு லாரி பேக்கர். அவர் வழியில் வந்த பென்னி குரியகோஸ் வேலையைத் தொடர்ந்தார்.

இங்கே இருப்பவற்றில் பல வீடுகள் மாதிரிக் கட்டடங்கள் கிடையாது. செட்டிநாட்டு வணிகர் வீடு, திருநெல்வேலி அக்ரகார வீடு, கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு என்று நிஜ வீடுகள். தூண் தூணாக, கதவு கதவாகப் பிரித்து, எண் போட்டு, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, அந்தந்த ஊர் வேலை தெரிந்த தச்சர்களையும் கொத்தனார்களையும் வைத்து மறுபடி எழுப்பியவை.

இதனால் என்ன பயன்? ஒரு தச்சருக்கு வேலை கிடைத்தது. வெட்ட வேண்டிய புது மரம் மிச்சமானது. சுண்ணாம்பும் மண்ணும் ஓடும் வைத்துக் கட்டினால் கடற்கரை வெயிலிலும் வீடு குளுமையாக இருக்கும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் சுவரைத் தொட்டே தெரிந்துகொள்கிறார்கள். சுற்றுச்சூழல் பாடம் என்று பலகை மாட்டாமலே நடக்கிற பாடம் இது.

நிகழ்த்துகலைக்கும் இங்கே முற்றமும் அரங்கமும் உண்டு. கரகம், தோல்பாவை, கூத்து என்று கிராமத்துக் கலைஞர்கள் வந்து ஆடுகிறார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிறார்கள் என்பதுதான் முக்கியம்.

ஒரு கேள்வியும் இங்கே எழும். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை நடக்க வேண்டிய கூத்தை அரை மணி நேரத்துக்குச் சுருக்கினால் அது கூத்தாகுமா? நியாயமான கேள்வி. விடிய விடியப் பார்க்கும் ஊர் இருக்கும்வரைதான் கூத்து முழுசாக உயிரோடிருக்கும். அரை மணி நேர மேடை அந்த ஊருக்கு மாற்றாக முடியாது. ஆனால் கூத்தே பார்த்திராத ஒரு நகரத்துப் பிள்ளைக்கு அந்த மேடைதான் வாசல். ஆடுபவருக்குத் திருவிழா இல்லாத மாதத்திலும் ஒரு வருமானம்.

முதலைக்கு ஒரு வங்கி, பாம்புக்கு ஒரு சங்கம்

இன்னும் கொஞ்சம் தெற்கே வடநெம்மேலி. நாம் முதலைப் பண்ணை என்று சொல்லும் இடத்தின் ஆங்கிலப் பெயரில் 'பேங்க்' என்ற சொல்தான் இருக்கிறது. ஏன் வங்கி? சேமித்து வைத்து, வேண்டும்போது எடுத்துக் கொடுப்பதற்காகத் தொடங்கப்பட்ட இடம் என்பதால்.

1970-களில் இந்தியாவின் மூன்று வகை முதலைகளும் தோலுக்காக வேட்டையாடப்பட்டு அழிவின் விளிம்பில் இருந்தன. 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கரும் ஜை விட்டேக்கரும் நண்பர்களும் சேர்ந்து இங்கே எட்டரை ஏக்கரில் முதலைகளை வளர்க்கத் தொடங்கினார்கள். இங்கே பொரித்த குட்டிகள் பல மாநில வனத்துறைகளுக்குப் போய், ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் விடப்பட்டன. முட்டை அடைகாக்கும் வெப்பநிலையே சதுப்புநில முதலைக் குட்டி ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது என்பதை விளக்கிய ஆய்வும் இங்கே நடந்ததுதான்.

விட்டேக்கர் நியூயார்க்கில் பிறந்தவர். சிறுவயதிலேயே தாயோடு இந்தியா வந்துவிட்டார். தாய் மறுமணம் செய்துகொண்டது ராமா சட்டோபாத்யாயாவை. அவர் யார் தெரியுமா? இந்தியக் கைவினைகளுக்கும் நாடகத்துக்கும் வாழ்நாளையே கொடுத்த கமலாதேவி சட்டோபாத்யாயின் மகன். பாம்பு பிடிக்கும் பையன் வளர்ந்தது கலையைக் காத்த குடும்பத்தில்!

முதலைகளைவிட இங்கே நாம் கவனிக்க வேண்டியது இருளர்களின் கதை. செங்கல்பட்டு வட்டாரத்து இருளர்களுக்குப் பாம்பு பிடிப்பது தலைமுறைத் தொழில். மண்ணில் இருக்கும் தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு, எப்போது போனது என்று சொல்லிவிடுவார்கள். பிடித்த பாம்பின் தோலை வியாபாரிகளிடம் விற்றுப் பிழைத்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. பாம்புக்கு நல்லது. இருளர் வீட்டு அடுப்புக்கு?

காட்டைக் காக்கிறோம் என்று சொல்லிக் காட்டை நம்பியவர்களைத் தெருவில் விடுவது உலகம் முழுக்க நடக்கிறது. இங்கே வேறு வழி கண்டுபிடிக்கப்பட்டது. 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பதிவானது. பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்து, விஷமுறிவு மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்கு விற்பது இதன் வேலை.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். இந்த நான்கு வகை மட்டும். பிடித்து வந்த பாம்பை மண்பானையில் வைத்து, வாயைத் துணியால் கட்டிவிடுவார்கள். சுமார் மூன்று வாரத்தில் நான்கு முறை விஷம் எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் போட்டுக் காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் இருக்கிற பாம்பு மறுபடி மாட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். ஆண்டுக்கு எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறை உச்சவரம்பு வைத்திருக்கிறது.

இந்த விஷம் எவ்வளவு முக்கியம்? 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலும் வயலில் வேலை பார்க்கும் கிராமத்து மக்கள். அவர்களைக் காப்பாற்றும் மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி இந்தச் சின்னச் சங்கத்திலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவர் பாம்புக்கடியிலிருந்து பிழைத்திருந்தால், அதில் ஓர் இருளர் கடப்பாரையோடு வரப்பில் நடந்த நடையும் இருக்கலாம்.

2023-ல் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. விட்டேக்கருக்கு ஐந்து வருடம் முன்பே, 2018-ல் கிடைத்திருந்தது. அதற்கும் முன்பு, 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் பெருகிவிட்ட பர்மா மலைப்பாம்புகளைப் பிடிக்க இந்த இரண்டு இருளர்களும் அழைக்கப்பட்டார்கள். போன இடத்தில் இரண்டு டஜனுக்கும் மேல் பிடித்துக் காட்டினார்கள்.

மலைக்காமல் யோசித்தால் இதுதான் பெரிய கொடை. அரிசி மூட்டை கொடுத்திருந்தால் அது தீர்ந்திருக்கும். கையில் இருந்த வித்தைக்கு ஒரு சந்தையை உண்டாக்கிக் கொடுத்ததால், வித்தையும் மிஞ்சியது, பாம்பும் மிஞ்சியது.

இருளர் பெண்களுக்கும் இதேபோல ஒரு முயற்சி செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் நடந்தது. 1986-ல் தொடங்கிய இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம், மரக்கன்று நாற்றங்கால், மூலிகை மருந்து என்று பாட்டிமார் சொல்லிக் கொடுத்த அறிவை வருமானமாக மாற்றியது.

பாறையில் யானை, கரையில் கன்னியம்மன்

மாமல்லபுரத்துக்கு வந்தாயிற்று. அர்ச்சுனன் தபசுப் பாறையைப் பார்க்காதவர் குறைவு. ஆனால் அடுத்த முறை தெய்வங்களைப் பார்த்துவிட்டு, விலங்குகளை மட்டும் தனியாகப் பாருங்கள். யானைக் கூட்டமும் அதன் காலடியில் குட்டிகளும், தவம் செய்யும் பூனையும் அதைச் சுற்றி எலிகளும், மான்களும். சிற்பி எந்த உயிரையும் விட்டுவைக்கவில்லை. பல்லவர் ஆதரவில் நடந்த வேலை. அந்த வம்சத்து மகேந்திரவர்மனே சமஸ்கிருதத்தில் அங்கத நாடகம் எழுதியவன்.

பல்லவ அரசு போய் ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்று மார்கழியையொட்டி இங்கே நடக்கும் நாட்டிய விழாவை நடத்துவது சுற்றுலாத் துறை.

அதே கடற்கரையில் யாரும் நடத்தாமலே நடக்கும் ஒரு விழாவும் உண்டு. மாசி மகத்தன்று ஆயிரக்கணக்கான இருளர்கள் குடும்பம் குடும்பமாக இங்கே வந்து சேர்வார்கள். புடவைகளைக் கட்டிக் கூடாரம் போட்டு மணலிலேயே தங்குவார்கள். கடலில் இருந்து கன்னியம்மனை அழைத்து வழிபடுவார்கள். பாட்டும் ஆட்டமும் இரவெல்லாம் நடக்கும். விடியற்காலையில் பெண் பார்ப்பதும் நிச்சயம் செய்வதும், கல்யாணமும்கூட அந்த மணலிலேயே முடிந்துவிடும். டிக்கெட் கிடையாது, மேடை கிடையாது, புரவலர் கிடையாது. சமூகமே சுமக்கும் கலை என்பதால், வள்ளலுக்காகக் காத்திருக்கவில்லை.

ஊரே வள்ளல் ஆனபோது

ஊரே புரவலராக இருப்பது செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் புதிதில்லை. மதுராந்தகம் பக்கத்து வேடந்தாங்கலைப் பாருங்கள். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள்மூக்கன் என்று ஆயிரக்கணக்கில் பறவைகள் வந்து இறங்கும் ஏரி. பறவைகளின் எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் பயிர் நன்றாக வரும் என்பது ஊர்க்காரர்களின் அனுபவம். வெள்ளைக்கார சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது, 1790-களின் இறுதியில் அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, ஏரிக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று எழுத்து வாங்கி வைத்தார்கள். வனவிலங்குச் சட்டம் வருவதற்கு ஏறக்குறைய 175 வருடம் முன்பு! இன்றும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர் அது.

திரௌபதி அம்மன் கோயில் கூத்தும் இப்படித்தான். வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள்கணக்கில் நடத்துவார்கள். கடைசி நாள் படுகளம், தீமிதி. கூத்துக்கு நடுவே யாராவது நோட்டை நீட்டினால், கொடுத்தவர் பெயர் மேடையில் அறிவிக்கப்படும். பத்து ரூபாய் கொடுத்தாலும் அவர் அன்றைக்குப் புரவலர்தான்.

கூத்துக்கு நிறுவன ஆதரவும் இந்த வட்டாரத்தில் கிடைத்தது. காஞ்சிபுரம் அருகே, கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வாளர் ஹன்னா டி புருயினும் 1990-ல் கட்டைக்கூத்துச் சங்கத்தைக் கட்டியெழுப்பினார்கள். 2002-ல் குருகுலம் தொடங்கி, படிப்போடு கூத்தையும் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். அந்தக் குருகுலம் 2020 வரை நடந்தது.

ஒரே கோடையில் இரண்டு அடி

2020 என்றதும் உங்களுக்கே புரிந்திருக்கும். மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. முதலைப் பண்ணையின் கதவு மூடியது. தட்சிணசித்ராவின் கதவும் மூடியது. கோடை விடுமுறையில் வரும் கூட்டம்தான் இப்படிப்பட்ட இடங்களுக்கு வருடச் சாப்பாடு. அது அப்படியே போனது. முதலைகளுக்குத் தீனி போட வேண்டும், பராமரிப்பவர்களுக்குச் சம்பளம் போட வேண்டும் என்று முதலைப் பண்ணை மக்களிடம் கைநீட்டிக் கேட்க வேண்டியிருந்தது.

அதே மாதங்கள்தான் கூத்துக்காரர்களுக்கும் பருவம். பங்குனியில் தொடங்கி ஆடி வரை நடக்கும் கோயில் திருவிழாக்களில் சம்பாதித்துத்தான் மீதி மாதங்களை ஓட்டுவார்கள். திருவிழாக்கள் நின்றன. அடுத்த வருடமும் அதே கதை. முதலைக்கும் கூத்துக்காரருக்கும் ஒரே கோடையில் அடி விழுந்தது.

பணத்தால் மட்டும் தீராத சிக்கலும் உண்டு. முதலைகளைக் காட்டில் விடுவது நின்றுபோனது. விடுவதற்குப் பத்திரமான ஆறும் ஏரியும் குறைந்துவிட்டன. வங்கியில் சேமிப்பு பெருகி, எடுப்பார் இல்லாமல் போனது. எட்டரை ஏக்கரில் இத்தனை முதலைகளை வைத்துச் சமாளிக்க முடியாமல், 2022-ல் ஆயிரம் சதுப்புநில முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள பெரிய விலங்கு மையத்துக்கு அனுப்பும் வேலை தொடங்கியது. ஒரு நல்ல மனிதர் முதலையைப் பெருக்கலாம். ஆற்றைக் காப்பாற்ற ஊரும் அரசும் சேர்ந்து வர வேண்டும்.

இந்தச் சாலை நமக்குச் சொல்வது இதுதான். சட்டமாக மாறிய கொடை நின்றது. தொழிலாக மாறிய கொடை நின்றது. ஊர்ப் பழக்கமாக மாறிய கொடை இருநூறு வருடம் தாண்டியும் நிற்கிறது. டிக்கெட்டை மட்டும் நம்பிய இடங்கள், டிக்கெட் வாங்க ஆள் வராத வருடத்தில் தடுமாறின. வள்ளல் ஒருவர் தொடங்கி வைக்கலாம். தொடர்ந்து தாங்குவதற்குப் பல கைகள் வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

தேர் கொடுக்க வேண்டாம். இந்தக் கோடையில் பிள்ளைகளை மாலுக்குக் கூட்டிப் போவதற்குப் பதிலாக ஒரு நாள் இந்தப் பக்கம் வாருங்கள். முதலைப் பண்ணைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. வேடந்தாங்கலுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல பருவம். விடியற்காலையோ சாயங்காலமோ போனால் பறவைகளை நிறையப் பார்க்கலாம். சத்தம் மட்டும் வேண்டாம்.

தட்சிணசித்ராவில் ஒரு கைவினைஞர் தான் செய்த பொருளைத் தானே விற்றால், பேரம் பேசாமல் ஒன்று வாங்குங்கள். உங்கள் சொந்த ஊரில் கூத்து நடந்தால், வெளியூரில் இருந்தாலும் வரிப்பணத்தை அனுப்பிவிடுங்கள். முடிந்தால் ஓர் இரவு உட்கார்ந்து பாருங்கள். வீட்டில் பாம்பு வந்தால் கம்பைத் தேடாமல் தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ போன் செய்யுங்கள்.

முக்கியமாக, கூத்து மேடையில் ஒரு பத்து ரூபாய் நோட்டை உங்கள் பிள்ளை கையால் கொடுக்கச் சொல்லுங்கள். ஊரறிய அந்தப் பெயர் ஒலிக்கும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அடுத்த வருடம், கூத்து எப்போது என்று அதுவே கேட்கும்.